அடுத்த டிஸ்னி வில்லா எங்கே? (ஹில்டன் ஹெட் கடற்கரையில் இல்லை!)

புள்ளிக்கணக்கர் | காலை 8:12

(புதிதாக வருபவர்களுக்கு: டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் பாயின்ட் வாங்கி, ஒப்பந்தம் முடியும் ஆண்டு வரை அதைக் கொடுத்துக் கிளப்பின் வில்லாக்களில் தங்குகிறோம்.) நேற்று ‘அலைகடல்’ என்பவர் வேறோர் இழையில் அடித்துச் சொன்னதை இங்கே எடுத்து வைக்கிறேன்: “டிஸ்னி வெக்கேஷன் கிளப்புக்கு ஏற்கெனவே மூன்று கடற்கரை விடுதிகள் இருக்கின்றன. புளோரிடாவில் வெரோ பீச், தென் கரோலினாவில் ஹில்டன் ஹெட், ஹவாயில் ஆலானி. ஆகவே அடுத்ததும் கடற்கரைதான். அதுவும் வட கரோலினாவில்.”

மூன்றா? இங்கே எண்ணத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஹில்டன் ஹெட் விடுதி கடற்கரையில் இல்லை. தீவில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிற்பது பிராட் கிரீக் ஓடையோரச் சதுப்பில், ஷெல்டர் கோவ் பக்கம். பால்கனியில் நின்றால் தெரிவது கோரைப்புல்லும் சேறும். ஓதம் வடிந்தால் சிப்பித் திட்டுகள் தலைகாட்டும். கடலில் கால் நனைக்க வேண்டுமானால் ஒன்றரை மைல் போய், பால்மெட்டோ டியூன்ஸில் தனியாகக் கட்டியிருக்கும் பீச் ஹவுஸை அடைய வேண்டும். அதற்கென்று வண்டியும் விடுகிறார்கள். கடற்கரையில் இருக்கும் விடுதிக்குக் கடற்கரைக்குப் போக வண்டி எதற்கு?

இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் ஐயா தமது வட கரோலினாக் கோட்டையைக் கட்டுகிறார்.

அலைகடல் | காலை 8:40

தனியாக ஓர் இழையே தொடங்கி என்னைக் கௌரவித்ததற்கு நன்றி. தீவு என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான்கு பக்கமும் தண்ணீர். ஹில்டன் ஹெட்டில் சுமார் 12 மைல் நீளத்துக்குக் கடற்கரை கிடக்கிறது. பீச் ஹவுஸ் விடுதியின் பகுதிதான். நீச்சல் குளமும் அங்கே இருக்கிறது. நான் போன வாரம்கூட மகளின் மண் வாளியை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வாளியில் மண் இருந்தது, கடல் மண். அது கடற்கரை இல்லாமல் வேறென்ன?

வட கரோலினா பற்றி: ஆஸ்டீரியா என்ற பெயரில் டிஸ்னி அங்கே வருவதை 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும்.

புள்ளிக்கணக்கர் | காலை 8:51

சைக்கிளில் பத்து நிமிடம்! நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கடற்கரை விடுதியில் சைக்கிள் எடுப்பவனை நான் பார்த்ததில்லை.

ஆஸ்டீரியா இருப்பது பிட்ஸ்பரோவில். அங்கிருந்து கடலுக்குக் காரில் சில மணி நேரம் ஆகும். வண்டி எல்லாம் விடமாட்டார்கள். தவிரவும் அது ஸ்டோரிலிவிங் என்ற பிரிவின் வேலை, வீடு விற்கிறார்கள். 2022-இல் அறிவித்த கோட்டினோவும் அந்த வகைதான், கலிஃபோர்னியாவில் ராஞ்சோ மிராஜ் பாலைவனத்தில் 24 ஏக்கருக்குக் குளம் வெட்டி, சுற்றி வீடு கட்டி விற்பது. வீடு வாங்குபவர் வீட்டுக்காரர் ஆவார், கிளப் உறுப்பினர் ஆகமாட்டார். நம் பாயின்ட்டுக்கும் அதற்கும் மாமன் மச்சான் உறவுகூட இல்லை. இதைப் போய் “அடுத்த வில்லா” என்று சொன்னால் என்ன செய்வது?

வெரோ ஆமை | காலை 9:20

சண்டைக்கு நடுவே ஓர் உண்மை: டிஸ்னியிடம் இருக்கும் ஒரே அசல் கடற்கரை விடுதி வெரோ பீச். அட்லாண்டிக் அலை வேலிக்கு அப்பால் அடிக்கிறது. கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் மாதங்களில் கடல் பக்கத்து விளக்குகளை அடக்கிவிடுவார்கள். இருட்டில் மணல் மேல் இழுத்துக்கொண்டு போன தடம் காலையில் டிராக்டர் ஓட்டிய மாதிரி கிடக்கும். சதுப்பு நிலத்துக்காரர்களுக்கு இது புரியாது.

ஆனால் அலைகடலின் கணக்கை என்னாலும் ஏற்க முடியவில்லை. வெரோ திறந்தது 1995. ஹில்டன் ஹெட் 1996. அடுத்த கடலோர விடுதிக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பார்க்குக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. பார்க் இல்லாத இடத்தில் ஆளைத் தங்கவைப்பது கடினம் என்று அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மற்ற விடுதிகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், உச்சாணிக் கிளையில்.

ஆலானி அன்னம் | காலை 9:48

“ஒரே அசல் கடற்கரை விடுதி” என்று எழுதும்போது கை கூசவில்லையா தம்பி? ஆலானி எங்கே இருக்கிறது, கோயம்பேட்டிலா? ஓவாஹூ தீவின் கோ ஒலினா. அறையிலிருந்து லிஃப்டில் இறங்கினால் மணல்.

வெரோ ஆமை | காலை 9:55

அக்கா, மன்னிக்க வேண்டும். கோ ஒலினாவில் இருப்பது வெட்டியெடுத்த குடா. மொத்தம் நான்கு, நான்கும் மனிதன் செய்தவை. பாறைகளை வரிசையாக அடுக்கி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஆமை வந்தால் அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

புள்ளிக்கணக்கர் | காலை 10:02

ஆலானி கடற்கரையா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. ஹில்டன் ஹெட் கடற்கரையில் இல்லை என்பதுதான் கேள்வி. யாரும் திசைதிருப்ப வேண்டாம்.

ஆனாலும் அக்காவுக்கு ஒரு வார்த்தை. அலைகடல் பார்வையில் கடற்கரை என்றால் விற்றுத் தீர்ந்துவிடும். 2011 ஜூலையில் ஆலானியின் பாயின்ட் விற்பனையை டிஸ்னியே நிறுத்திவைத்தது ஏன்? ஆண்டுக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள், கணக்கு உதைத்தது, பொறுப்பில் இருந்தவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். திறக்கும் முன்பே இந்தக் கதி. கடல் நடுவே ஒரு தீவில் கட்டிடம் வைத்து நடத்துவதற்கு என்ன செலவாகும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

ஆலானி அன்னம் | காலை 10:15

திருத்திக்கொண்டு மறுபடியும் விற்றார்களே, அதைச் சொல்ல வாய் வரவில்லையா? 2062 வரை எனக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு எப்போது முடிகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

புள்ளிக்கணக்கர் | காலை 10:17

அது இங்கே தேவையில்லாத விஷயம்.

ஆலானி அன்னம் | காலை 10:18

2042. நானே சொல்லிவிடுகிறேன்.

பழைய சாவி | காலை 11:05

பிள்ளைகளே, நான் ஓல்ட் கீ வெஸ்டில் வாங்கியபோது அதற்கு அந்தப் பெயரே கிடையாது. 1991-இல் கிளப் தொடங்கியபோது இருந்தது அந்த ஒரு விடுதிதான், ஆகவே டிஸ்னி வெக்கேஷன் கிளப் ரிசார்ட் என்றால் போதுமாக இருந்தது. 1996-இல்தான் பெயர் மாற்றினார்கள். அன்றிலிருந்து “அடுத்தது எங்கே” ஆரூடம் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் நியூபோர்ட் கோஸ்ட் என்றார்கள். தொண்ணூறுகளில் திட்டம் போட்டார்கள், கைவிட்டார்கள். பெயரிலேயே கோஸ்ட் இருந்தும் பயனில்லை. பிறகு மேரிலாந்தில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் நேஷனல் ஹார்பர். 2009-இல் நிலமே வாங்கினார்கள். 500 அறை என்றார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதை நம்பி, பேரப்பிள்ளைகளோடு வெள்ளை மாளிகை பார்க்கப் போவதற்கு என்று பாயின்ட் சேர்த்துவைக்கத் தொடங்கினார். 2011-இல் டிஸ்னி கையை உதறிவிட்டது. ஆக, அறிவிப்பு வேறு, கட்டிடம் வேறு. செங்கல் எழும்பிய பிறகு பேசுங்கள்.

அலைகடல் | காலை 11:20

நேஷனல் ஹார்பர் இருப்பது பொட்டோமாக் ஆற்றங்கரை. நான் பேசியது கடற்கரை. ஆறு ஓடியதால் கடல் ஓடிவிட்டதாகக் கணக்குப் போட முடியாது.

புள்ளிக்கணக்கர் | காலை 11:24

ஆறுக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஓடைக்கும் கடலுக்கும் மட்டும் தெரியவில்லை. ஹில்டன் ஹெட் விடுதி நிற்பது ஓடைக்கரையில்!

இரண்டாங்கை | பிற்பகல் 12:10

எங்கே கட்டினால் எனக்கென்ன? 2019 ஜனவரி 19-க்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கிய பாயின்ட் ரிவியராவில் செல்லாது, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாவில் செல்லாது, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களில் செல்லாது. இனி வருவதிலும் அப்படியே இருக்கும் என்பது என் கணிப்பு. பாலினீசியன் விடுதியில் 2024 டிசம்பரில் திறந்த ஐலண்ட் டவர் அந்த விடுதியின் பழைய உரிமையாளர் சங்கத்திலேயே சேர்ந்ததால் அதில் மட்டும் தப்பித்தோம். எனக்கு விற்ற தரகர் இதில் ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

புள்ளிக்கணக்கர் | பிற்பகல் 12:16

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து ஒப்பாரி வைப்பது வாடிக்கையாகிவிட்டது. நேரடியாக வாங்கியவர்கள் ஒரு பாயின்ட்டுக்கு 200 டாலருக்கு மேல் கொட்டிக்கொடுத்திருக்கிறோம். பாதி விலைக்கு வாங்கியவருக்கும் முழுப் பந்தியா?

இரண்டாங்கை | பிற்பகல் 12:21

2042-இல் முடியும் பந்திதானே? நன்றாகச் சாப்பிடுங்கள்.

பாலை நிலா | பிற்பகல் 1:02

நான் அபுதாபியில் இருக்கிறேன். 2025 மே மாதம் யாஸ் தீவில் டிஸ்னி பார்க் வரும் என்று அறிவித்தார்கள். பார்க் வந்தால் பின்னாலேயே வில்லாவும் வரும் அல்லவா? இங்கே யாருமே அதைச் சொல்லவில்லையே என்றுதான் கேட்கிறேன். நான் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை.

புள்ளிக்கணக்கர் | பிற்பகல் 1:15

உறுப்பினர் ஆகாதவரின் கேள்விதான் இந்த இழையிலேயே உருப்படியானது. ஆனால் விடை: வராது. யாஸ் தீவில் கட்டப்போவதும் சொந்தக்காரராக இருக்கப்போவதும் மிரால் நிறுவனம். டிஸ்னி வடிவமைப்பும் உரிமமும் தருகிறது. டோக்கியோவிலும் இதே கதை, அங்கே எல்லாம் ஓரியண்டல் லேண்ட் நிறுவனத்துடையது. ஷாங்காயில் பெரும்பங்கு உள்ளூர் அரசு நிறுவனத்திடம். நாம் வாங்குவது வெறும் தங்கும் உரிமை அல்ல, இத்தனையாம் ஆண்டு வரை என்று எழுதிப் பதிவு செய்த நிலக் குத்தகையில் ஒரு பங்கு. அடுத்தவன் நிலத்தில் அதை எப்படி எழுதிக்கொடுப்பது? 2017 முதல் பாரிஸ் பார்க் முழுக்க டிஸ்னியின் கையில். இத்தனை ஆண்டுகளில் அங்கேயே ஒரு வில்லாவும் வரவில்லை, அபுதாபியில் வந்துவிடுமா?

என் கணிப்பைக் கேட்டால்: புளோரிடாவில் பே லேக் ஏரியோரம், பழைய ரிவர் கன்ட்ரி நீர்ப் பூங்கா இருந்த இடத்தில், லேக்‌ஷோர் லாட்ஜ் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2018-இல் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் என்ற பெயரில் அறிவித்து, கிடப்பில் போட்டு, தூசு தட்டி எடுத்தது. 2027 என்கிறார்கள். அதற்கு அடுத்து, கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம். அங்கே 2024 மே மாதம் நகரசபை டிஸ்னிலேண்ட் ஃபார்வர்டு என்ற விரிவாக்கத் திட்டத்துக்குத் தலையாட்டியாயிற்று. பத்து ஆண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் போட வேண்டும். நிலம் சொந்தம், பார்க் பக்கத்தில், கூட்டம் நிச்சயம். வேறெங்கே போவார்கள்?

அலைகடல் | பிற்பகல் 1:22

லேக்‌ஷோர். ஏரிக்கரை. ஆக, அடுத்த வில்லா கரையில்தான் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

புள்ளிக்கணக்கர் | பிற்பகல் 1:23

ஏரி! ஏரி ஐயா, ஏரி!

வெரோ ஆமை | பிற்பகல் 1:30

அனஹைமில் கட்டினால் நான் வாங்கமாட்டேன். டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாவில் பாயின்ட் கொடுத்துத் தங்கினாலும் இரவுக்கு இரவு நகர வரி தனியாகக் கட்ட வேண்டும். வெரோவில் ஆமைக்குக்கூட வரி கிடையாது.

நடுவர் | பிற்பகல் 2:00

இழையின் தலைப்பு “அடுத்த வில்லா எங்கே”. ஒப்பந்தம் முடியும் ஆண்டைச் சொல்லி ஒருவரையொருவர் குத்திக்காட்டுவதை நிறுத்துங்கள். இரண்டாங்கை, தங்கள் கடைசிப் பதிவின் பின்பகுதியை நீக்கியிருக்கிறேன்.

என் சொந்தக் கருத்து (நடுவராக அல்ல): இரவில் பால்கனியில் அலைச் சத்தம் கேட்டால் அது கடற்கரை விடுதி.

அலைகடல் | பிற்பகல் 2:06

காற்று நம் பக்கம் அடித்தால் ஹில்டன் ஹெட்டில் கேட்கும்.

புள்ளிக்கணக்கர் | பிற்பகல் 2:07

ஒன்றரை மைல் தூரத்திலிருந்தா? நீங்கள் கேட்டது பக்கத்து அறைக்காரரின் குளியலறைச் சத்தமாக இருக்கும். நடுவரும் கட்சி சேர்ந்துவிட்டார் என்பதைப் பதிவு செய்கிறேன். சென்ற ஆண்டு வேறோர் இழையிலும் எனக்கு இதே அநீதிதான் நடந்தது, இழையையே மூடிவிட்டார்கள்.

நடுவர் | பிற்பகல் 2:15

அந்த இழையை மூடியது நான் அல்ல.

ஆலானி அன்னம் | பிற்பகல் 2:31

என் குடாவை வெட்டியெடுத்தது என்று சொன்னாரே, அதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை. காத்திருக்கிறேன்.

பாலை நிலா | பிற்பகல் 2:40

அப்படியானால் நான் பாயின்ட் வாங்கலாமா, வேண்டாமா?

பழைய சாவி | பிற்பகல் 3:12

ஒன்றரை மைல் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். ஒன்றேகால் மைல். 1998-இல் என் காரின் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன், நோட்டு இன்னும் இருக்கிறது.

புள்ளிக்கணக்கர் | பிற்பகல் 3:14

எந்த வாசலிலிருந்து அளந்தீர்கள்?