ஸ்பென்சர்னு பேர் வந்தா எல்லாரும் டயானா வம்சமா?

நிலாமுகில்:
ரொம்ப நாளா மனசுல கிடக்கற கேள்விங்க. இளவரசி டயானா கல்யாணத்துக்கு முன்னாடி டயானா ஸ்பென்சர், சர்ச்சிலோட முழு குடும்பப்பேரு ஸ்பென்சர்-சர்ச்சில், சாப்ளினோட முழுப்பேரு சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின்... இவங்கெல்லாம் ஒரே குடும்பமா? அந்தப் பேருக்கு அர்த்தம்தான் என்ன? வேர் லத்தீன்னு எங்கயோ படிச்சேன், ஆனா காதுக்கு அசல் இங்கிலீஷாத்தான் படுது.

சொல்வேட்டை:
லத்தீன்தான். டிஸ்பென்சரினு சொல்றோம்ல, அதோட வேரும் இதோட வேரும் ஒண்ணு. லத்தீன்ல 'பெண்டெரே'ன்னா தராசுல நிறுக்கறது, அதுலேர்ந்து வந்த 'டிஸ்பென்சாரே'ன்னா நிறுத்துப் பங்கு போட்டுக் குடுக்கறது. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த புடிச்சாங்க, அவங்க பேசின பிரெஞ்சுல அந்த வேலை பாக்கறவர் 'டெஸ்பென்சர்', அதாவது பிரபு வீட்லயோ மடத்துலயோ உக்கிராணத்து சாவிய கையில வச்சுக்கிட்டு அளந்து போடற ஆளு. 1086ல இங்கிலாந்து முழுக்க நிலக் கணக்கெடுத்து எழுதின டூம்ஸ்டே ஏட்டுலயே ராபர்ட் டிஸ்பென்சேட்டர்னு ஒருத்தர் வர்றார். அப்புறம் முன்னாடி இருந்த 'டெ' பேச்சு வழக்குல தேஞ்சுபோய் வெறும் ஸ்பென்சர் ஆயிடுச்சு. உக்கிராண அறைக்கும் 'ஸ்பென்ஸ்'னு ஒரு சொல் இருந்துச்சு, ஸ்பென்ஸ்ங்கற குடும்பப்பேரும் இதே வழிதான்.

பழையஏடு:
மேல சொன்னதுலயே உங்க முதல் கேள்விக்கு பதில் இருக்கு பாருங்க. ஒவ்வொரு பெரிய வீட்லயும் ஒரு உக்கிராணக்காரர் இருந்திருக்கார், அதனால சம்பந்தமே இல்லாத எத்தனையோ குடும்பத்துக்கு இந்தப் பேர் தனித்தனியா ஒட்டிக்கிச்சு. டயானா குடும்பமே இதுக்கு நல்ல உதாரணம். அவங்க ஆடு வளத்து, கம்பளில பணக்காரங்க ஆனவங்க, 1508ல நார்த்தாம்டன்ஷயர்ல ஆல்தார்ப்ங்கற எஸ்டேட்ட வாங்கினாங்க. 16ஆம் நூற்றாண்டு கடைசில, நாங்க அந்தப் பழைய டெஸ்பென்சர் பிரபுக்கள் வழிவந்தவங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்த டெஸ்பென்சர்கள்ல அப்பாவும் மகனும் ரெண்டாம் எட்வர்ட் ராஜாவுக்கு ரொம்ப நெருக்கம், 1326ல ரெண்டு பேருக்கும் மரண தண்டனை. ஹொரேஸ் ரவுண்ட்ங்கற ஆய்வாளர் 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஆவணங்கள வச்சு இந்த வம்சாவளி நிக்காதுன்னு காட்டிட்டார். ஆடு மேய்ச்சு மேல வந்ததே பெரிய கதை, அதுக்கு மேல எதுக்கு பிரபு ரத்தம்னுதான் எனக்குத் தோணும்.

சர்ச்சில் மட்டும் நெஜமாவே ஆல்தார்ப் சொந்தம். சர்ச்சில் குடும்பத்தோட மார்ல்பரோ பிரபு பட்டம் மகள் வழியா ஸ்பென்சர்களுக்குப் போச்சு, 1817ல அஞ்சாவது பிரபு பழைய சர்ச்சில் பேரையும் பின்னால சேத்துக்கிட்டார்.

நிலாமுகில்:
அருமைங்க, ரொம்ப நன்றி! அப்போ சாப்ளின்?

சொல்வேட்டை:
அவருக்கு அது குடும்பப்பேரே இல்ல, தாத்தாவோட பேரு ஸ்பென்சர் சாப்ளின், அது பேரனுக்கு நடுப்பேரா வந்துச்சு. ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், சாப்ளினும் லத்தீன்தான்! 'கப்பா'ன்னா மேலங்கி. தூர் ஊர் புனித மார்ட்டின் தன் மேலங்கியக் கிழிச்சு பாதிய ஒரு பிச்சைக்காரருக்குக் குடுத்தார்னு சொல்வாங்க, மீதிய பிராங்க் ராஜாக்கள் புனிதப்பொருளா வச்சிருந்தாங்க. அது இருந்த எடம் 'கப்பெல்லா', காவல் காத்த குருமார் 'கப்பெல்லானுஸ்'. சேப்பல், சேப்ளின், சாப்ளின் எல்லாம் அங்கேர்ந்துதான்.

பழையஏடு:
ஒண்ணு சேத்துக்கறேன், யாராச்சும் இங்கிலாந்துல இந்தப் பேர வச்சு குடும்ப வேர் தேடறதா இருந்தா 1841 சென்சஸ்லேர்ந்து பின்னோக்கிப் போங்க, சர்ச் பதிவேடுகள் 1538லேர்ந்து ஆரம்பம். எழுத்துல ஒருத்தரே ஒரு எடத்துல 'சி' போட்டு, இன்னொரு எடத்துல 'எஸ்' போட்டு இருப்பார், ரெண்டையும் தேடணும். ஊர் ஊரா ஆள் ஆளா கோத்துக்கிட்டுப் போறதுதான் வழி, பேர் ஒத்துப்போகுதுன்னு நேரா ஆல்தார்ப்புக்குத் தாவிடாதீங்க.