மினி புராஜெக்டில் ஒரே ஆள் எல்லாம் செய்கிறார், என்ன செய்யலாம்?

கடலூர் டீச்சர்:
கடலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுக்கிறேன். நாலு பேருக்கு ஒரு மினி புராஜெக்ட் கொடுத்தால் கோடிங் முழுக்க ஒருத்தர், பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) ஒருத்தர், ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவது ஒருத்தர், நாலாவது ஆள் வைவா (வாய்மொழித் தேர்வு) அன்றுதான் முகம் காட்டுகிறார். சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு தனியாக நடக்கிறது. அங்கே டை கட்டுவது, குரூப் டிஸ்கஷன் என்று போகிறதே தவிர, கூட இருப்பவர் எழுதியதில் தப்பு இருந்தால் அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதுவும் கிராமத்துப் பிள்ளைகள் அருமையாக யோசிக்கிறார்கள், ஆங்கிலத்தில் பேசு என்றால் வாயே திறப்பதில்லை. லேப் நேரத்திலேயே இதைப் பழக்க வழி இருக்கிறதா?

பாண்டி டெவலப்பர்:
மேடம், கோடிங், பிபிடி, ரிப்போர்ட் என்று பிரிக்கும்போதே கெட்டுப்போகிறது. எல்லாரும் நிரல் எழுதணும், ஆனால் ஒருவர் எழுதியது இல்லாமல் மற்றவருடையது ஓடக்கூடாது. புதுச்சேரி–கடலூர் பஸ் நேரம் காட்டும் ஆப் கொடுத்துப் பாருங்கள். நேரத்தைச் சேமிப்பவர் 17:30 என்று வைத்திருப்பார், தேடல் எழுதுபவர் 5.30 என்று தேடுவார், ஒரு பஸ்ஸும் வராது. அப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். அந்தப் பேச்சுதான் பாடம். அப்புறம் நிரலில் யார் என்ன மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் (Git) மென்பொருளைக் கட்டாயமாக்குங்கள், 'கிட் ஷார்ட்லாக்' என்ற கட்டளை போட்டால் யார் பெயரில் என்னென்ன கமிட் (பதிவான மாற்றம்) என்று தெரிந்துவிடும்.

லேப் அண்ணன்:
கமிட் எண்ணிக்கைக்கு மட்டும் மார்க் வேண்டாம் மேடம், கமாவை மாற்றி மாற்றியே ஏற்றிவிடுவார்கள். வைவாவில் ஒருவர் எழுதிய ஃபங்ஷனை (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) இன்னொருவரை விளக்கச் சொல்லுங்கள், மார்க் இரண்டு பேருக்கும் சேர்த்து. முதல் நாள் ராத்திரியே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பழைய மாணவி:
பேச்சு தமிழிலேயே நடக்கட்டும் மேடம், கமிட் மெசேஜும் (மாற்றத்தோடு சேர்க்கும் குறிப்பு) ரிவியூவும் (மற்றவர் நிரலைப் படித்து எழுதும் கருத்து) மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, பயம் குறையும். பேர் புரோகிராமிங்கும் செய்யலாம், ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பேர், ஒருவர் டைப் செய்ய மற்றவர் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கணும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறணும். மாற்றாவிட்டால் கீபோர்டு கெட்டிக்கார ஆளிடமே தங்கிவிடும், அதனால் நேரத்தை நீங்களே சொல்லுங்கள். ரிவியூவில் 'இது தப்பு' என்று எழுத விடாதீர்கள், 'அந்த நேரத்தில் பஸ்ஸே இல்லை என்றால் இந்த வரி என்ன செய்யும்?' என்று கேட்கப் பழக்குங்கள்.

கடலூர் டீச்சர்:
பஸ் ஆப்பையே அடுத்த லேப்பில் கொடுக்கிறேன். வைவா மார்க்கை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட துறைத் தலைவரிடம் கேட்கணும், கேட்டுவிடுகிறேன்.