இழை: ‘ரிவால்விங் ரெஸ்டாரன்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

கயல்விழி, கோலாலம்பூர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவுக்கு வரும் தமிழ்ப் பயணிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோலாலம்பூர் கோபுரப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். 421 மீட்டர் உயரம், புக்கிட் நானாஸ் குன்று, காட்சி மாடம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அங்கே மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும் ரிவால்விங் ரெஸ்டாரன்டுக்குத்தான் சொல் அமையவில்லை.

ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். உணவகத்துக்கு ஒன்று, மேசைகளைச் சுமந்துகொண்டு நகரும் வளையத் தளத்துக்கு ஒன்று, நடுவில் அசையாமல் நிற்கும் பகுதிக்கு ஒன்று. இப்படிப்பட்ட உணவகங்களுக்கான பொதுக் குறிப்பு ஒன்றும் கையேட்டில் வருகிறது. மேசை நகரும், சன்னல் திட்டு நகராது, திட்டில் கைப்பையை வைத்தால் பை பின்தங்கிவிடும், கழிவறைக்குப் போய் வருவதற்குள் உங்கள் மேசை வேறு பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். எது நகரும், எது நகராது என்று வாசிப்பவருக்கு ஒரே பார்வையில் விளங்க வேண்டும்.

இப்போதைக்கு ‘சுழல் உணவகம்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மாசிலாமணி, தஞ்சாவூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

மனம் ஏன் ஒப்பவில்லை? ‘சுழலுணவகம்’ என்று சேர்த்து எழுதினால் அருமையான வினைத்தொகை. சுழன்ற உணவகம், சுழல்கின்ற உணவகம், சுழலும் உணவகம் என்று முக்காலத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும். உலகில் பல ஊர்களில் இத்தகைய உணவகங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு வெறும் மாடி உணவகமாக நடக்கின்றனவாம். ‘சுழலும்’ என்று பெயரெச்சமாக எழுதினால் அந்த இடங்களில் பொய்யாகிவிடும். வினைத்தொகை ஒருபோதும் பொய்யாகாது.

தளத்துக்கு ‘சுழல்தளம்’. சுழற்றளம் என்று யாரும் திருத்த வேண்டாம். கொல்களிறு, செல்காலம் போல இது இயல்பாகவே நிற்கும். செய்தித்தாள்களில் ‘சுழற்பந்து’ என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றி எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. சுழலும் பந்து என்று வினைத்தொகையாகக் கொண்டால் ‘சுழல்பந்து’தான். சுழலைப் பெயராகக் கொண்டு ‘சுழலினை உடைய பந்து’ என விரித்தால், ‘லள வேற்றுமையில் றடவும்’ என்ற நன்னூல் விதிப்படி சுழற்பந்து ஆகும். எதை நினைத்து எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

இராகவன், சென்னை

ஐயா, பந்தை அப்புறம் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

‘சுழல்’ மக்களுக்குப் பழகிய சொல். சுழல் விளக்கு வைத்த கார் என்று எழுதினால் எல்லாருக்கும் புரிகிறது. மகளிர் குழுக்கள் ‘சுழல் நிதி’ வாங்குகிறார்கள். ஆனால் ‘சுழலுணவகம்’ என்று ஒட்டி எழுதினால் படிப்பவர் கண் ‘சுழலு’ என்ற இடத்தில் தட்டும். பயணக் கையேட்டை ஓடுகிற பேருந்தில் படிப்பார்கள், அங்கே புணர்ச்சி வேண்டாம். ‘சுழலும் உணவகம்’ என்று பிரித்துப் போடுங்கள். கோயில் திருவிழாவில் ‘சுழலும் சொல்லரங்கம்’ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘சுழலும்’ யாரையும் மிரட்டாது.

செல்வகுமார், கோவை

எல்லாருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். ‘சுழல்’ என்றதும் மனத்தில் வருவது வேகம். சுழல்காற்று, நீர்ச்சுழல், இரண்டும் ஆளை இழுத்துப் போடுபவை. இந்தத் தளம் அப்படியா ஓடுகிறது?

அமெரிக்காவில் சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுரம் 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அங்கே 2017 வரை இருந்த உணவகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 47 நிமிடம் ஆனது. தளத்தின் விட்டம் 28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 88 மீட்டர். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்தான் நகர்கிறார். தம்ளரில் இருக்கும் தண்ணீர்கூட அசையாது. தளத்தை ஓட்டத் தொடக்கத்தில் ஒரே ஒரு குதிரைத்திறன் மோட்டார்தான் வைத்தார்கள். எடையைச் சமமாகப் பரப்பித் தண்டவாளத்தின்மேல் சக்கரங்களில் உட்கார வைத்தால் அந்தச் சிறிய மோட்டாரே போதும்.

அப்புறம், தானாகச் சுழல்வது வேறு, ஒன்றைச் சுற்றி வருவது வேறு. பள்ளிப் பாடத்தில் பூமி தன் அச்சில் ‘சுழல்கிறது’, சூரியனைச் ‘சுற்றுகிறது’ என்று பிரித்தே சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே தளம் சுழல்கிறது, சாப்பிடுபவர் நடுப்பகுதியைச் சுற்றுகிறார். கையேடு சாப்பிடுபவருக்கானது. எனவே ‘சுற்று உணவகம்’. தளத்துக்கு ‘ஊர்தளம்’. நகர்கிறது என்பதைவிட ஊர்கிறது என்பதே அதன் வேகத்துக்குப் பொருத்தம்.

அம்மி, ஆட்டுக்கல் புழங்கிய வீடுகளில் திரிகையும் இருந்திருக்கும். கீழ்க்கல் நிற்கும், மேல்கல் முளையைச் சுற்றி வரும். இந்த உணவகமும் அந்த அமைப்புத்தான். தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் சுற்றிக்கொண்டே இருக்க முடியாது. அதனால்தான் சமையலறை, மின்தூக்கி, கழிவறை எல்லாம் அசையாத நடுப்பகுதியில். அதை ‘அச்சுக்கூடம்’ எனலாம்.

சிவகாமி, டொராண்டோ

அச்சுக்கூடம் என்றால் புத்தகம் அச்சடிக்கும் இடம் அல்லவோ தம்பி? வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்திருந்த ஊர்க்காரி நான். அந்தச் சொல்லை உணவகத்துக்கு விட்டுத் தர மாட்டேன்.

‘சுற்று’ என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம். தலைச்சுற்று என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். உயரத்தில் இருக்கிற உணவகத்துக்கு ‘சுற்று உணவகம்’ என்று பெயர் வைத்தால் முதியவர்கள் படியேற யோசிப்பார்கள்.

இங்கே சி.என். கோபுரம் 553 மீட்டர். அதில் 351 மீட்டர் உயரத்தில் இருக்கிற உணவகம் 72 நிமிடத்தில் ஒரு சுற்று வரும். நகரத்துக்கு வரும் உறவினரை அங்கே கூட்டிப்போவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். ‘ஏரி தெரியிற பக்கம் எப்ப வரும்?’ என்று கேட்டபடியே பிள்ளைகள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் பார்க்கும். என்னுடைய தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அதைச் ‘சுத்துற கடை’ என்பார்கள். கொழும்புத் தாமரைக் கோபுரத்திலும் சுழலும் உணவகம் உண்டு. ஈழத்து வாசகருக்கும் மலேசிய வாசகருக்கும் தமிழ்நாட்டவருக்கும் ஒரே சொல் பொருந்துமென்றால் அது ‘சுழலும் உணவகம்’தான். கயல்விழி, யன்னல், சன்னல், ஜன்னல் என்று இன்னொரு சண்டை இருக்கிறது. அதை இப்போது தொடங்கவில்லை.

மாசிலாமணி, தஞ்சாவூர்

அம்மா சிவகாமி சொன்னது சரி, அச்சுக்கூடம் வேண்டாம். ‘நிலைநடு’ என்று வைக்கலாம். நிற்கும் நடு, நிலைத்த நடு. சுருக்கமான சொல்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்’ என்றார் வள்ளுவர். சுழற்சியையும் சோற்றையும் ஒரே வரியில் வைத்த குறள் அது. உழவு அதிகாரத்தின் முதற்குறள். உணவு பற்றிய கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? சுழல், சுழி, சூழ், சுற்று, சுருள், சுலவு எல்லாம் வளைதல் கருத்திலிருந்து கிளைத்தவை. தமிழில் வட்டத்தைக் குறிக்கும் சொற்குடும்பம் ஒன்று சகரத்தில் தொடங்குகிறது. சுழியம்கூட அந்தக் குடும்பம்தான்.

இராகவன், சென்னை

ஐயா, அந்தக் குறளில் ‘சுழன்றும்’ என்பதற்குப் பிற தொழில்களைச் செய்து திரிந்தும் என்றுதானே பரிமேலழகர் பொருள் சொல்கிறார்? உலக உருண்டை சுழல்வது என்று மேடையில் கைதட்டலுக்குச் சொல்வார்கள். கலைச்சொல்லுக்கு அதைச் சான்றாக வைத்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள்.

‘நிலைநடு’ எனக்கே புரிய நேரம் எடுத்தது. ‘நடுப்பகுதி’ என்று எழுதினால் என்ன குறை?

மாசிலாமணி, தஞ்சாவூர்

திரிதல் என்று உரையாசிரியர் சொன்னதை நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி. திரிதல் என்பதுதான் நமக்கு வேண்டிய சொல்! சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலைப் பாருங்கள்: ‘காவிரி நாடன் திகிரிபோல் பொற்கோட்டு மேரு வலம்திரிதலான்’. நடுவில் மலை நிற்கிறது, ஞாயிறு அதை வலம்திரிகிறது. செல்வகுமார் கேட்ட அமைப்பு அப்படியே இருக்கிறது. மேரு நடுப்பகுதி, ஞாயிறு சாப்பிடுபவர். ஆகவே ‘வலந்திரி உணவகம்’. தில்லியில் கஸ்தூர்பா காந்தி சாலையில் 24ஆம் மாடியில் இருக்கும் உணவகத்துக்குப் ‘பரிக்கிரமா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வலம் வருதல் என்றுதான் அதற்குப் பொருள். அவர்கள் வடமொழியில் செய்ததை நாம் இளங்கோவடிகளைக் கொண்டு செய்யக் கூடாதா?

உரோமப் பேரரசன் நீரோவின் பொன் மாளிகையில் வட்டமான உணவுக்கூடம் ஒன்று வானத்தைப் போல இரவும் பகலும் சுற்றியது என்று உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். உரோம் நகரின் பாலத்தீன் குன்றில் 2009இல் அகழ்ந்தபோது வெளிப்பட்ட வட்டக் கட்டடம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். அவர்களும் வானத்தைத்தான் நினைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மோட்டாரையும் தண்டவாளத்தையும் வைத்துப் பெயர் சூட்டினால் அது பழுதுபார்ப்பவருக்கு உரிய பெயர். விருந்தினருக்கு உரிய பெயரில் வானம் இருக்க வேண்டும்.

செல்வகுமார், கோவை

ஐயா, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலம் என்று சொல்லிவிட்டால் திசை உறுதியாகிவிடும். எல்லா உணவகமும் வலமாகவே சுற்றும் என்பதற்கு என்ன உறுதி? இடமாகச் சுற்றுவதை வலந்திரி என்றால் கலைச்சொல்லே பிழையாகும்.

அகமதாபாதில் சாபர்மதிக் கரையில் இருக்கும் சுழலும் உணவகத்துக்குப் ‘பதங்’, அதாவது பட்டம், என்று பெயர். அதைப் பார்த்ததும் ‘கறங்கு’ நினைவுக்கு வந்தது. கறங்குதல் சுழல்வது, காற்றாடிக்கும் அதுவே பெயர். ‘கறங்குணவகம்’ எப்படி?

சிவகாமி, டொராண்டோ

‘கறங்கிசை அருவி’ என்று படித்திருக்கிறோமே தம்பி. கறங்குதல் ஒலித்தலும்தான். இரைச்சல் மிகுந்த உணவகம் என்று பொருள் வந்துவிடும். வேண்டாம். நீங்களே வேகம் கூடாது என்றீர்கள், காற்றாடி இன்னும் வேகம் அல்லவோ.

கயல்விழியின் எச்சரிக்கைக் குறிப்புத்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. சன்னல் திட்டில் கைப்பேசியை வைத்துவிட்டுத் தேடுகிற ஆளுக்கு இலக்கியச் சொல் உதவாது. பக்கத்து மேசைக்காரர் முன்னால் அது போய்ச் சேர்ந்திருக்கும், அவர் கையில் எடுத்து ஆட்டிக் காட்ட வேண்டும். அப்படி ஆகாமல் இருக்கத்தானே குறிப்பு எழுதுகிறோம்?

கயல்விழி, கோலாலம்பூர்

அனைவருக்கும் நன்றி. பக்க வடிவமைப்பாளர் காத்திருக்கிறார், அதனால் முடிவு செய்துவிட்டேன். உணவகத்துக்குச் ‘சுழலும் உணவகம்’. இராகவன் அண்ணனும் சிவகாமி அக்காவும் வெளிப்படையாக ஆதரித்தார்கள், குழுமத்தில் எழுதாத இன்னும் சிலர் தனி மடலில் அதையே சொன்னார்கள். தளத்துக்கு மாசிலாமணி ஐயா தந்த ‘சுழல்தளம்’. ‘ஊர்தளம்’ எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஊர் என்ற சொல் வருவதால் ‘ஊரின் தளம்’ என்று படித்துவிடுவார்கள். மூன்றாவதுக்கு ‘நடுப்பகுதி’யே போதும்.

குறிப்பு இப்படி வருகிறது:

‘மேசைகள் சுழல்தளத்தில் உள்ளன. சன்னலும் நடுப்பகுதியும் நகரா. சன்னல் திட்டில் எதையும் வைக்க வேண்டாம். கழிவறைக்குப் போகுமுன் உங்கள் மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

செல்வகுமார், கோவை

குறிப்பு தெளிவாக இருக்கிறது. மேசை எண்ணைச் சேர்த்தது நல்ல வேலை. ‘சுற்று’ என்பதுதான் சரி என்ற என் கருத்து மாறவில்லை. ஆனாலும் கையேட்டுக்கு இது போதும்.

இராகவன், சென்னை

‘நகரா’ என்பதை ‘நகராது’ என்று மாற்றிவிடுங்கள். சன்னலும் நடுப்பகுதியும் பன்மை என்பது தெரியும். ஆனால் இன்றைக்கு ‘நகரா’ என்று படித்தால் பாதிப் பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

மாசிலாமணி, தஞ்சாவூர்

‘நகரா’ அப்படியே இருக்கட்டும். பலவின்பால் எதிர்மறையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? ‘நகராது’ ஒருமை. இரண்டு பொருளை ஒருமையால் முடிக்க நான் ஒப்ப மாட்டேன்.

உணவகப் பெயரில் பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வலந்திரியைக் கைவிடவில்லை. திசை பற்றிச் செல்வகுமார் எழுப்பிய தடைக்கு விடை தேடிப் பார்த்தேன். ‘வலம்’ என்பதற்கு வலப்பக்கம் மட்டும் பொருளன்று, வெற்றியும் வலிமையும் பொருளே. ‘வலந்திரி’ என்பதை வலிமையோடு திரிதல் என்று விரித்தால் உணவகம் எந்தப் பக்கம் சுற்றினாலும் சொல் நிற்கும். அந்தப் பொருளில் வரும் இடங்களைத் தொகுத்து அடுத்த மடலில் அனுப்புகிறேன். அன்பர்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.