சென்னை – பலாலி 45 நிமிடமா?

பலாலிக்காரன்: "சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 45 நிமிடம்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் நாலு தடவை போய் வந்தவன். ஒரு தடவைகூட 45 நிமிடத்தில் இறங்கவில்லை. தெரியாததை எழுதாதீர்கள்.

கணக்குப்புலி: எழுதியது நான்தான். மீனம்பாக்கம் – பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. அங்கே போகும் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் மணிக்கு 500 கி.மீ. பறக்கும். வகுத்தால் 43 நிமிடம். இரண்டு நிமிடம் கூட்டித்தான் சொன்னேன். வகுத்தல் தெரியுமல்லவா?

பலாலிக்காரன்: வகுத்தல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருகிறார்கள் தம்பி. 500 என்பது உயரத்துக்குப் போன பிறகு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் ஏது? மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. யாழ்ப்பாணம் தெற்கே. திரும்ப வேண்டாமா? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றுதான் இருந்தது.

கணக்குப்புலி: டிக்கெட் நேரத்தில் தரையில் ஊர்வதும் சேரும். நான் சொன்னது பறக்கும் நேரம். 45.

பலாலிக்காரன்: பறக்கும் நேரமும் 45 இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்கரம் எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை 58 நிமிடம்.

மாம்பலத்தான்: இலங்கை நேரம் அரை மணி வித்தியாசம், அதில் குழம்பியிருப்பீர்கள்.

பலாலிக்காரன்: 2006 ஏப்ரல் முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் ஐயா. 58 என்றால் 58.

காவேரிக்கரை: எதற்குச் சென்னை? 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்துவிட்டது. தூரம் சுமார் 185 கி.மீ.தான். எல்லாவற்றுக்கும் சென்னையைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

மாம்பலத்தான்: யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடச் சென்னைதான் கிட்ட. அதனால்தான் பேசுகிறோம்.

பலாலிக்காரன்: இதுவும் பிழை. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து பலாலி சுமார் 290 கி.மீ. 355 எப்படிக் கிட்ட ஆகும்? இன்னொன்று. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையம் ஆனபோதுதான் பலாலி பிறந்தது போலப் பேசாதீர்கள். 1947 டிசம்பரில் இலங்கையின் பழைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து எங்கள் பக்கம் இறங்கித்தான் சென்னைக்குப் போனது.

கணக்குப்புலி: வரலாறு கேட்கவில்லை. பின்காற்று இருந்தால் 45 வரும்.

பலாலிக்காரன்: பின்காற்று என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்? நேற்று "45 நிமிடம்தான்" என்றீர்கள். போன வருடம் பாம்பன் பாலத்து நீளத்திலும் இதே மாதிரி நின்றீர்கள்.

கணக்குப்புலி: பாம்பனிலும் நான் சொன்னதுதான் சரி.

காவேரிக்கரை: திருச்சியிலிருந்து போனால் இந்தச் சண்டையே இல்லை.

பலாலிக்காரன்: திருச்சியை விடுங்கள் அண்ணா. அவர் இன்னும் 58க்குப் பதில் சொல்லவில்லை.

கணக்குப்புலி: 355 வகுத்தல் 500. பதில் அதுதான்.