முன்சக்கரம் தூக்கும் டீமன்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் பற்றி ஒரு சந்தேகம். ஷோரூமில் விற்ற கார், கிளம்பும்போது முன்சக்கரம் இரண்டையும் தூக்கியபடி 2.92 அடி ஓடியது கின்னஸில் பதிவாகியிருக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோலில் 840 குதிரைத்திறன், டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸைப் பூட்டிக் காரைப் பிடித்து வைத்து, விட்டதும் பாய வைக்கும் அமைப்பு), 315 மி.மீ. அகல டிராக் ரேஸ் (drag, நேர்கோட்டுப் பந்தயம்) டயர், எல்லாம் சரி. டிராக் ரேஸ் மோடில் முன் சஸ்பென்ஷன் இளகி மூக்கு எழும்ப, பாரம் பின்சக்கரத்தில் போய் உட்காருகிறது, அதுவும் புரிகிறது.

ஆனால் பிசின் பூசிய பந்தயத் தடத்தின் பிடி இல்லாமல், வெறும் தார்ச்சாலையில் இது நடக்குமா? சக்கரம் சுழன்று ரப்பர்தான் கருகும் என்கிறேன். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை (பிரியாணி பந்தயம் வேறு). டிராக் ரேஸ் அனுபவம் உள்ளவர்கள், டயர் காற்றழுத்தமும் தளத்தின் சூடும் எவ்வளவு வித்தியாசம் தரும் என்று சொல்லுங்கள். வீடியோ லிங்க் வேண்டாம், பார்த்துச் சலித்துவிட்டது.