நடக்க ஏற்ற தெருவா என்று நாமே அளப்பது எப்படி?

மந்தைவெளிவாசி:
வீடு தேடும் தளம் ஒன்றில் எங்கள் தெருவுக்கு, நடந்து போக வசதியான இடம் என்று நூற்றுக்கு 91 போட்டிருக்கிறார்கள். பால் பூத், மருந்துக் கடை, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாமே ஐந்து நிமிடத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் 74 வயதான என் அம்மா மருந்துக் கடைக்குத் தனியாகப் போய் ஒரு வருடம் ஆகிறது. போன ஆடியில் பிளாட்பாரத்தில் பெயர்ந்து கிடந்த கல் தடுக்கி விழுந்ததிலிருந்து பயம். பகுதி சபைக் கூட்டத்தில் அளவுகளோடு பேச வேண்டும். எதை அளப்பது?

சாலைப் பொறியாளர்:
அப்படிப்பட்ட மதிப்பெண்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் பார்க்கும். 2007-ல் சியாட்டிலில் தொடங்கிய வாக் ஸ்கோர் என்ற இணைய மதிப்பெண் முறையில் கடை சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் முழு மதிப்பெண், 30 நிமிட நடைக்கு அப்பால் என்றால் எதுவும் கிடையாது. நடைபாதை எப்படி இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. நீங்கள் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலை (ஐ.ஆர்.சி. 103) எடுத்துக்கொள்ளுங்கள். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், சாலையிலிருந்து உயரம் 15 செ.மீ.க்கு மேல் கூடாது. ஒரு டேப் போதும்.

தினநடையாளர்:
காலியான இடத்தில் அளந்துவிடாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் அகலம். மாலை 7 மணிக்குப் போங்கள், தள்ளுவண்டியும் பைக்கும் அப்போதுதான் ஏறி நிற்கும். எத்தனை தடவை சாலையில் இறங்க வேண்டியிருந்தது என்றும் எண்ணுங்கள்.

மந்தைவெளிவாசி:
நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக் கடை வரை 340 மீட்டர், 11 தடவை இறங்கினோம். மின்பெட்டி அருகே அகலம் 40 செ.மீ. ஓரிடத்தில் உயரம் 28 செ.மீ., என் தோளைப் பிடித்தும் அம்மாவால் ஏற முடியவில்லை. நான் தனியாகப் போனால் 4 நிமிடம். அம்மாவோடு 13 நிமிடம். பிளாட்பாரத்தைவிடச் சாலையில்தான் அதிகம் நடந்தோம்.

சாலைப் பொறியாளர்:
அந்த 13 நிமிடத்தை முதல் வரியாக எழுதுங்கள். அப்புறம் சிக்னலையும் பாருங்கள். நடப்பவர்களுக்கான நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம், அதாவது 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. அம்மாவுக்கு எத்தனை நொடி ஆகிறது?

மந்தைவெளிவாசி:
சனிக்கிழமை காலையில் எடுக்கிறேன். டேப்பின் ஒரு முனையைத் தானே பிடிப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.