மனித மனம் பொது நுண்ணறிவுக்குச் சரியான மாதிரியா?

கணக்குவாத்தியார்:
பொது நுண்ணறிவு, அதாவது எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளும் எந்திரம், என்றாலே "மனுஷன் மாதிரி" என்கிறோம். மனுஷனுக்கே அது இருக்கிறதா? 1966-இல் உளவியலாளர் பீட்டர் வேசன் அமைத்த சீட்டுச் சோதனையைத் தமிழாக்கி என் பதினோராம் வகுப்பில் வைத்தேன். மேசையில் நான்கு சீட்டு: அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை. விதி சரிதானா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? முக்கால்வாசிப் பேர் "அ, 4" என்றார்கள். விடை அ, 7. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும்; 4-இன் பின்னால் எது இருந்தாலும் உடையாது. பிறகு விதியை மாற்றினேன்: வண்டி ஓட்டினால் ஹெல்மெட் வேண்டும். சீட்டுகள்: ஓட்டுகிறவர், நடக்கிறவர், ஹெல்மெட் உண்டு, ஹெல்மெட் இல்லை. கடைசி பெஞ்ச் வரை சரியாகச் சொன்னது. கணக்கு ஒன்றேதான். விதியை மீறுகிறவனைப் பிடிக்கத் தெரிந்த மூளை, வெறும் எழுத்தும் எண்ணுமாக வந்தால் திணறுகிறது. இதைப் பொது என்று எப்படிச் சொல்வது?

மழைக்குருவி:
சார், முதல் தடவை தப்பு விட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுத்து பிறந்து சுமார் 5,000 வருடம்தான். வாசிப்புக்கென்று மூளை பரிணமிக்க அவகாசமே இல்லை. ஆனாலும் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை எழுத்துக்கு ஒதுக்கிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை படிக்கிறது. மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதைத்தான் விரிவாகக் காட்டினார். பொதுத்தன்மை என்று நான் சொல்வது இதை.

நெய்தல்:
2007-இல் கியோட்டோவில் அயுமு என்ற சிம்பன்சி செய்தது நினைவிருக்கிறதா? திரையில் ஐந்து எண்கள் 0.21 நொடி மின்னி மறையும். இருந்த இடங்களை ஏறுவரிசையில் தொட வேண்டும். அயுமு கல்லூரி மாணவர்களைத் தோற்கடித்தது. அவரவர் பிழைப்புக்கு ஏற்ற அறிவு, அவ்வளவுதான்.

மழைக்குருவி:
அந்த மாணவர்களுக்கு அயுமு அளவு பயிற்சி இல்லை. பின்னால் நன்றாகப் பழகிய மனிதர்கள் அதை எட்டிவிட்டார்கள். நம் மூளைக்கென்று அமையாத வேலையிலும்!

கணக்குவாத்தியார்:
பழகினால் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழக்குவது யார்? போன வாரம் அதே பிள்ளைகளுக்கு வேறு எழுத்து, வேறு எண் கொடுத்தேன். மனதுக்குள் யோசித்தவர்களில் பாதிப் பேர் மறுபடி தவறினார்கள். தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன இருந்தால் விதி உடையும் என்று எழுதிப் பார்த்தவர்கள் தவறவில்லை. அப்படியானால் மாதிரியாக எதைக் கொள்வது? மண்டைக்குள் இருப்பதையா, தாளும் பென்சிலும் வாத்தியாரும் சேர்ந்ததையா?

மழைக்குருவி:
தாளைச் செய்ததும் அதே மண்டைதானே சார்.

கணக்குவாத்தியார்:
ஒரு மண்டை இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான மண்டைகள்.